கங்கோத்ரிப் பனியாறு: பின்வாங்கும் முகப்பும் மெலியும் உடலும்

உத்தராகண்ட் மாநிலத்தின் தேவபிரயாகையில் பாகீரதியும் அலகநந்தாவும் ஒன்றாகக் கலந்த பின்னரே அந்த நீரோட்டம் கங்கை என்னும் பெயரைப் பெறுகிறது. நீரளவை வைத்துப் பார்த்தால் பத்ரிநாத்துக்கு மேலேயுள்ள சதோபந்த், பகீரத கரக் ஆகிய பனியாறுகளில் பிறந்து வரும் அலகநந்தாவே பெரிய கிளை. ஆயினும் பகீரதனின் தவத்தால் வானிலிருந்து இறங்கியவள் கங்கை என்னும் தொன்மம் பாகீரதியையே மூல ஆறாக நிலைநிறுத்தியிருப்பதால், அந்த ஆறு வெளிப்படும் கோமுகமும் அதற்கு 18 கிலோமீட்டர் கீழே அமைந்துள்ள கங்கோத்ரிக் கோயிலும் பல நூற்றாண்டுகளாக இந்தியா முழுவதிலும் உள்ள பக்தர்களை ஈர்த்து வருகின்றன. கங்கோத்ரியில் முகந்த நீரை இராமேசுவரம் வரை கொண்டுவந்து இராமநாதசுவாமிக்கு அபிடேகம் செய்யும் மரபு இன்றும் உயிருடன் இருக்கிறது. அந்தக் குடத்தில் உள்ள நீரின் ஒரு பகுதி பல தலைமுறைகளுக்கு முன்பு பனியாகப் பொழிந்து, பனிக்கட்டியாக இறுகி, மலைப் பள்ளத்தாக்கின் வழியே மிக மெதுவாக நகர்ந்து வந்து உருகியது என்பதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எவரும் அளந்து அறிந்திருக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அச்சான வரைபடங்கள் கங்கை திபெத்தின் மானசரோவர் பகுதியில் தோன்றி, இமயத்தைக் குடைந்து, பசுவின் வாய் போன்ற ஒரு பாறைத் துளை வழியே வெளிவருவதாகக் காட்டின. இதைச் சரிபார்ப்பதற்காக 1808இல் வெப், ரேப்பர் ஆகியோர் தலைமையில் அனுப்பப்பட்ட அளவைக் குழு கங்கோத்ரியை எட்டாமலேயே திரும்பியது. 1817ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஜான் ஹாட்ஜ்சன் கோமுகத்தை அடைந்து, பெரும் பனிச்சுவர் ஒன்றின் அடியிலுள்ள தாழ்வான வளைவிலிருந்து ஆறு வெளிப்படுவதைப் பதிவு செய்தபோதுதான், கங்கையின் இந்தக் கிளை இமயத்தின் தென்புறத்திலேயே, ஒரு பனியாற்றின் அடியிலேயே பிறக்கிறது என்பது உறுதியாயிற்று. மலையேறிச் சென்ற துறவிகளுக்கும் அங்குள்ள கடுவாலி மக்களுக்கும் இது புதிய செய்தியன்று. அவர்கள் பனியாற்றைக் குறிக்கப் 'பமக்' என்னும் சொல்லையே வழங்கி வந்தனர், இன்றும் வழங்குகின்றனர்.

கங்கோத்ரிப் பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமும், இடத்துக்கு இடம் அரை கிலோமீட்டர் முதல் இரண்டரை கிலோமீட்டர் வரை அகலமும் கொண்டது. 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா மலைத்தொகுதியின் சரிவுகளில் தொடங்கி வடமேற்காக இறங்கி, கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில் கோமுகத்தில் முடிகிறது. இதனை ஒற்றைப் பனியாறு என்பதைவிடப் பனியாற்றுத் தொகுதி என்பதே பொருத்தம். இரு மருங்கிலிருந்தும் ரக்தவர்ண், சதுரங்கி, ஸ்வச்சந்த், மயாந்தி, கனோஹிம், கீர்த்தி, மேரு முதலிய கிளைப் பமக்குகள் ஒரு காலத்தில் தம் பனியை இந்தத் தாய்ப் பனியாற்றில் கொண்டுவந்து சேர்த்தன. அவற்றுள் ரக்தவர்ணும் சதுரங்கியும் மேருவும் சுருங்கிச் சுருங்கித் தாய்ப் பனியாற்றோடு இருந்த தொடர்பை இழந்துவிட்டன. அவற்றின் உருகுநீர் மட்டுமே இன்று வந்து சேர்கிறது. முகப்பு எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்பதையே செய்திகள் பேசுகின்றன. கிளைகள் இவ்வாறு அறுபட்டுப்போவது அதைவிடக் கூடுதலான கவலைக்குரியது.

பனியாறு உருவாகும் விதம் எளிமையானது, ஆனால் நெடுங்காலம் பிடிப்பது. புதிதாகப் பொழியும் பனியில் பெரும்பகுதி காற்றுதான். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். கோடையில் முழுவதும் உருகிவிடாமல் எஞ்சும் பனியின்மீது அடுத்த ஆண்டின் பனி பொழிய, அதன்மேல் மற்றோர் ஆண்டின் பனி பொழிய, கீழடுக்குகள் அழுந்தி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முதலில் ஃபிர்ன் எனப்படும் பழம்பனியாகவும், பிறகு காற்றுக் குமிழிகள் அடைபட்ட, நீரின் அடர்த்தியில் பத்தில் ஒன்பது பங்கை எட்டும் பனிக்கட்டியாகவும் மாறுகின்றன. இவ்வாறு சேர்ந்த பனிக்கட்டி போதிய தடிமனை அடைந்ததும் தன் எடையாலேயே உருத்திரிந்து சரிவின் வழியே நகரத் தொடங்குகிறது. அடிப்பகுதியில் உருகுநீர் இருந்தால் பாறைப் படுகைமீது வழுக்கியும் செல்கிறது. மேலே, ஆண்டு முழுவதற்குமான பொழிவு உருகலைவிட மிகுந்திருக்கும் பகுதி திரள் பகுதி. கீழே, உருகல் பொழிவை விஞ்சும் பகுதி உருகு பகுதி. இரண்டுக்கும் நடுவே, பொழிவும் உருகலும் சரிக்குச் சரியாக இருக்கும் உயரம் சமநிலைக் கோடு எனப்படும். வெப்பம் கூடும்போது இந்தக் கோடு மேல்நோக்கி ஏறுகிறது, திரள் பகுதி குறுகுகிறது, உருகு பகுதி விரிகிறது. பனியாற்றின் நலிவு அனைத்தும் இந்த ஒரு கோட்டின் ஏற்றத்தில் தொடங்குகிறது எனலாம்.

கங்கோத்ரிக்குப் பனி எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கிழக்கு இமயத்தின் பனியாறுகள் பெரும்பாலும் கோடைக் காலப் பருவமழையின்போதே உயரங்களில் பனிப்பொழிவைப் பெறுகின்றன. கங்கோத்ரி அமைந்துள்ள கடுவால் பகுதியிலோ பருவமழையின் பங்கு இருந்தாலும், மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு டிசம்பர் முதல் மார்ச் வரை அடுத்தடுத்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்னும் காற்றழுத்த அமைப்புகளே குளிர்காலப் பனியின் பெரும்பகுதியைக் கொண்டுவருகின்றன. எனவே இந்தப் பனியாற்றின் நலன் கோடை வெப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. குளிர்காலத்தில் எத்தனை இடையூறுகள் வந்தன, அவை பொழிந்தது பனியா மழையா என்பதையும் பொறுத்தது. பனியாகப் பொழிய வேண்டியது மழையாகப் பொழிந்தால் பனியாற்றுக்கு இரட்டை இழப்பு நேர்கிறது: சேமிப்பில் சேர வேண்டிய பனி கிடைக்காமல் போவதோடு, வெப்பமான மழைநீர் இருக்கும் பனியையும் உருக்கிவிடுகிறது, புதுப்பனியின் வெண்மை இல்லாத பரப்பு சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உள்வாங்கவும் செய்கிறது.

கோமுகத்தை நெருங்கிப் பார்ப்பவர் வெண்ணிறப் பனிச்சுவரை எதிர்பார்த்துச் சென்றால், அங்கே காண்பது பெரும்பாலும் சாம்பல் நிறமும் பழுப்பு நிறமும் கலந்த, கற்களும் மண்ணும் அப்பிய ஓர் உயர்ந்த பனிக்கட்டி முகம். புதிதாக உடைந்து விழுந்த இடங்களில் மட்டுமே, நெடுங்காலம் அழுந்திக் காற்று வெளியேறிய பனிக்கட்டிக்கு உரிய நீல நிறம் தெரிகிறது. ஏனெனில் அடர்ந்த பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீல ஒளியை ஊடுருவ விடுகிறது. அடியிலுள்ள குகையிலிருந்து வெளிப்படும் ஆறு தெளிந்த நீராக இல்லாமல் மாவு கரைத்தது போன்ற சாம்பல் நிறத்தில், உடைந்த பனிக்கட்டித் துண்டுகளைப் புரட்டிக்கொண்டு இரைச்சலோடு பாய்கிறது. அந்தச் சாம்பல் நிறத்துக்குக் காரணம் பாறை மாவு: நகரும் பனிக்கட்டி தன் அடியில் சிக்கிய கற்களைக் கொண்டு படுகையின் கிரானைட் பாறையை இடைவிடாது தேய்த்து உண்டாக்கும் மிக நுண்ணிய துகள்கள் நீரில் படியாமல் மிதந்துகொண்டே செல்கின்றன. பகல் வெயிலில் உருகும் நீர் பனியாற்றின் விரிசல்களிலும் உட்குகைகளிலும் புகுந்து சுற்றி வரச் சில மணி நேரம் ஆவதால், அதிகாலையில் அடங்கி இருக்கும் ஆறு பிற்பகலிலும் மாலையிலும் பெருகுகிறது. கோடை நாள்களில் இந்த ஏற்ற இறக்கம் நாள்தோறும் நிகழ்கிறது. ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிறுவனம் கோமுகத்துக்குச் சற்றுக் கீழே போஜ்பாசாவில் இந்த நீரோட்டத்தையும் அதிலுள்ள வண்டலையும் பல ஆண்டுகளாக அளந்து வருகிறது.

பனியாற்றின் கீழ்ப்பகுதியை ஏறத்தாழ முழுவதுமாக மூடியிருக்கும் கற்குவியல் வெறும் அழுக்கன்று. உருகலின் வேகத்தையே மாற்றக்கூடியது அது. ஓரிரு சென்டிமீட்டர் தடிமனுக்குள் மெல்லிய படலமாக மண்ணும் சிறு கற்களும் படிந்திருந்தால், கருமையான அந்தப் படலம் வெயிலை உறிஞ்சி அடியிலுள்ள பனிக்கட்டியை விரைவாக உருக்குகிறது. அதுவே பல சென்டிமீட்டராக, ஒரு மீட்டராகத் தடித்துவிட்டால், வெப்பம் கீழே இறங்க விடாமல் தடுத்துப் பனிக்கட்டியைக் காக்கிறது. இதனால் கங்கோத்ரி போன்ற கல் மூடிய பனியாறுகளில், மிகத் தாழ்ந்த, மிக வெப்பமான முகப்பில் உருகல் மட்டுப்பட்டும், கற்படலம் மெலிந்திருக்கும் சற்று மேலான பகுதியில் உருகல் மிகுந்தும் காணப்படுவது உண்டு. கற்பரப்பின் நடுவே ஆங்காங்கே தோன்றும் சிறு குளங்களும், கல் வழுக்கி விழுந்து வெளிப்பட்ட பனிக்கட்டிச் செங்குத்துகளும் இந்தக் காப்பில் விழுந்த ஓட்டைகள். அவற்றின் வழியே வெப்பம் உட்புகுந்து பனியாற்றை உள்ளிருந்தே அரிக்கிறது. ஆகவே முகப்பு மட்டும் ஓரிடத்தில் நின்றுகொண்டு உடல் மெலிந்துகொண்டே போவது இத்தகைய பனியாற்றில் முற்றிலும் இயல்பாக நடக்கக்கூடியது. அடுத்துக் கூறப்படும் அளவுகளைப் படிக்கும்போது இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்தப் பனியாறு என்றும் இப்போதுள்ள அளவில் இருந்ததில்லை. பள்ளத்தாக்கின் மேற்பகுதி பனியாறு குடைந்ததற்குரிய அகன்ற அடித்தளத்துடனும், பைரோன்காட்டியை ஒட்டிய கீழ்ப்பகுதி ஆறு அறுத்ததற்குரிய ஒடுங்கிய செங்குத்துப் பிளவாகவும் அமைந்திருப்பதும், பனியாறு சுமந்து வந்து விட்டுச்சென்ற கல்மேடுகளான மொரைன்கள் பல படிகளாகக் காணப்படுவதும் பழைய வரலாற்றைச் சொல்கின்றன. அந்தப் படிவுகளின் காலத்தைக் கணித்த நிலவியல் ஆய்வுகள், ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பனியாறு இன்றைய முகப்பிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் கீழே, ஜாலா வரை நீண்டிருந்தது என்று காட்டுகின்றன. அதன் பிறகு பலமுறை சுருங்கியும் சிறிது முன்னேறியும் வந்த பனியாறு, கடைசியாக இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, சிறு பனிக்காலம் எனப்படும் குளிர்ந்த காலப்பகுதியில் போஜ்பாசாவை ஒட்டி நின்றது. பனியாறு முன்பும் சுருங்கியதுண்டு, ஆகவே இப்போது கவலைப்பட ஏதுமில்லை என்று இதைக் கொண்டு வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் பொருந்தாது. பழைய சுருக்கங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், கீழே நகரங்களும் அணைகளும் இல்லாத உலகில் நிகழ்ந்தவை.

நவீன அளவீடு 1935இல் தொடங்குகிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே. பி. ஆடன் அந்த ஆண்டு முகப்பின் இடத்தை வரைபடமாக்கினார். பிற்காலத்து அளவீடுகள் அனைத்தும் அந்தப் புள்ளியிலிருந்தே கணக்கைத் தொடங்குகின்றன. 1935 முதல் 1996 வரையிலான 61 ஆண்டுகளில் முகப்பு 1,100 மீட்டருக்கும் மேல், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 19 மீட்டர் பின்வாங்கியது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த மற்றோர் ஆய்வு 1965 முதல் 2006 வரை 819 மீட்டர், அதாவது ஆண்டுக்கு 20 மீட்டர் என்று கணித்தது. வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு கருவிகளைக் கொண்டு அளந்தும் இந்த எண்கள் ஒத்துப்போவதால், இருபதாம் நூற்றாண்டின் பின்வாங்கல் குறித்து ஐயத்துக்கு இடமில்லை.

இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் பெரும் குழப்பம் நிலவுகிறது. முகப்பு என்பது பனியாற்றின் மிகத் தாழ்ந்த விளிம்பு. மேலேயிருந்து வந்து சேரும் பனிக்கட்டியும் அங்கே உருகிப் போகும் பனிக்கட்டியும் சமமாக இருக்கும்வரை அது நிற்கும், வரத்துக் குறைந்தால் பின்வாங்கும். 30 கிலோமீட்டர் நீளமும் மென்சரிவும் கொண்ட பனியாற்றில், மேலே பொழிவிலும் வெப்பத்திலும் ஏற்படும் மாற்றம் முகப்பை வந்தடையப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆகவே இன்று கோமுகம் பின்வாங்குவது இன்றைய வெப்பத்துக்கு மட்டுமான விளைவன்று. முன் தலைமுறைகளின் தட்பவெப்பமும் அதில் சேர்ந்தே வெளிப்படுகிறது. இன்றைய நிலையை அறிய வேண்டுமானால் பனியாற்றின் வரவு செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும்: ஓராண்டில் பொழிந்து சேர்ந்த பனி எவ்வளவு, உருகிப் போனது எவ்வளவு, எஞ்சியதா குறைந்ததா என்பதே நிறைச் சமநிலை எனப்படும் அந்தக் கணக்கு.

அதைக் களத்தில் அளப்பது கடும் உழைப்பு. பனிக்கட்டியில் துளையிட்டு மூங்கில் கழிகளை நட்டு, கோடையின் முடிவில் எவ்வளவு கழி வெளியே தெரிகிறது என்று பார்த்து உருகலையும், மேற்பகுதியில் குழி தோண்டிப் பனி அடுக்கின் தடிமனையும் அடர்த்தியையும் கணித்துப் பொழிவையும், ஆண்டுதோறும், அதே இடங்களில் அளக்க வேண்டும். டேராடூனில் உள்ள வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் பாகீரதி வடிநிலத்திலேயே உள்ள சிறிய டோக்ரியானிப் பனியாற்றில் 1990களில் இவ்வாறு அளந்து, அது ஆண்டுக்குச் சராசரியாக 0.3 மீட்டர் நீர்த் தடிமனுக்கு ஈடான பனியை இழந்து வருவதைக் கண்டனர். கேதார்நாத்துக்கு மேலேயுள்ள சோராபாரியில் 2003க்கும் 2010க்கும் இடையே இந்த இழப்பு அதைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. கங்கோத்ரி போன்ற பெரும் பனியாற்றில், விரிசல்களும் கற்குவியலும் எட்ட முடியாத உயரங்களும் இருப்பதால், கழி நட்டு முழுப் பரப்பையும் அளப்பது இயலாத செயல். அதனால் ஆய்வாளர்கள் வேறு வழியைக் கைக்கொண்டனர்: 1960களில் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்து, பின்னர் பொதுப் பார்வைக்கு விடப்பட்ட படங்கள், 2000ஆம் ஆண்டில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த உயரங்கள், இந்தியாவின் கார்ட்டோசாட் எடுத்த இரட்டைப் படங்கள் ஆகியவற்றிலிருந்து பனிப்பரப்பின் உயரத்தைக் கணித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, எத்தனை மீட்டர் மெலிந்தது என்று கண்டனர்.

அவ்வாறு கிடைத்த முடிவே இந்தக் கட்டுரையின் மையம். 1968 முதல் 2006 வரை கங்கோத்ரிப் பனியாறு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.2 மீட்டர் நீர்த் தடிமனுக்கு ஈடான பனியை இழந்தது. 2006க்குப் பிந்தைய ஆண்டுகளில் முகப்பின் பின்வாங்கல் ஆண்டுக்கு 10 மீட்டர் அளவுக்குக் குறைந்தது. செய்தித்தாள்களில் இது நற்செய்தியாக வெளிவரத் தக்கது. ஆனால் அதே ஆண்டுகளில் மெலிவின் வேகம் கூடியது என்றும், பனிக்கட்டி நகரும் வேகம் குறைந்தது என்றும் அதே அளவீடுகள் காட்டின. நகர்வு குறைகிறது என்றால் மேலிருந்து கீழே தள்ளும் எடை குறைந்துவிட்டது என்று பொருள். இமயம் முழுவதற்கும் இதே பிழை நேர்ந்துள்ளது: இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2001க்கும் 2011க்கும் இடையே 2,018 பனியாறுகளின் முகப்புகளை ஒப்பிட்டு அவற்றுள் 1,752 இடம் மாறவில்லை என்று கண்டது; அதைக் கொண்டு இமயப் பனியாறுகள் 87 சதவீதம் நலமாக உள்ளன என்று பேசியவர்கள், முகப்பு நிற்பதும் பனியாறு நலமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை மறந்தனர். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளத்துக்கு 650 பனியாறுகளை உளவுப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, 1975க்கும் 2000க்கும் இடைப்பட்ட இழப்போடு ஒப்பிட 2000க்குப் பிறகு பனி இழப்பின் வேகம் இரு மடங்காகிவிட்டதைக் காட்டியது.

இதற்கு நேர்மாறான மிகைப்படுத்தலும் நிகழ்ந்துள்ளது. ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2007இல் வெளியிட்ட அறிக்கையில், இமயப் பனியாறுகள் 2035ஆம் ஆண்டுக்குள் மறைந்துவிடக்கூடும் என்னும் ஒரு வாக்கியம் போதிய சான்றின்றி இடம்பெற்றது. 2010 ஜனவரியில் அந்தக் குழு தவற்றை ஒப்புக்கொண்டது. கங்கோத்ரி அளவுள்ள ஒரு பனியாறு சில பத்தாண்டுகளில் முழுவதும் உருகுவது இயற்பியல்படி நடவாத காரியம். ஆனால் அந்தத் தவற்றைப் பிடித்துக்கொண்டு இமயத்தில் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னவர்களால் விளைந்த தீங்கு மூலத் தவற்றைவிடப் பெரிது. காத்மாண்டுவில் இயங்கும் ஒருங்கிணைந்த மலை வளர்ச்சிக்கான பன்னாட்டு மையம் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்து குஷ் இமயத்தின் பனியாறுகள் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் விரைவாகப் பனியை இழந்தன. உமிழ்வு இப்போதைய போக்கிலேயே தொடர்ந்தால் இந்நூற்றாண்டின் முடிவுக்குள் தம் பனியில் 80 சதவீதம் வரை இழக்கக்கூடும்.

அப்படியானால் கங்கை வற்றிவிடுமா? வற்றாது. கங்கை வடிநிலத்தின் நீரில் மிகப் பெரும் பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் பருவமழையிலிருந்தும், அந்த மழை ஊறிய நிலத்தடி நீரிலிருந்தும் வருகிறது. பனி, பனியாறு ஆகிய இரண்டின் உருகுநீரும் சேர்ந்து சமவெளியின் நீரில் பத்தில் ஒரு பங்கு அளவே. பருவமழை குறைந்த சிந்து வடிநிலமோ உருகுநீரையே பெரிதும் நம்பியுள்ளது. கங்கையிலும் மேலே போகப்போக இந்தப் பங்கு கூடுகிறது: தேவபிரயாகையில் ஆண்டு நீரில் ஏறத்தாழ 30 சதவீதமும், கோமுகத்தில் கோடை நீரில் பெரும்பகுதியும் உருகுநீர். பாட்னாவில் கங்கை மெலிந்து ஓடுவதற்குக் கங்கோத்ரியைக் காரணம் காட்டுவது பொருந்தாது. 1854இல் திறக்கப்பட்ட மேல் கங்கைக் கால்வாய் முதலாக ஹரித்வாரிலும் அதற்குக் கீழேயும் பிரித்தெடுக்கப்படும் நீரும், சமவெளியில் எண்ணற்ற ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சும் நிலத்தடி நீருமே அங்கே முதற்காரணங்கள். பனியாற்றின் மதிப்பு அது தரும் மொத்த அளவில் இல்லை, தரும் காலத்தில் இருக்கிறது. மழை இன்னும் தொடங்காத மே, ஜூன் மாதங்களிலும், பருவமழை பொய்க்கும் ஆண்டுகளிலும் பாகீரதியில் நீர் குன்றாமல் ஓடுவதற்கும், 260 மீட்டர் உயரமுள்ள தெஹ்ரி அணைக்கு அந்த நாள்களில் நீர் வருவதற்கும் பனியும் பனியாறுகளுமே துணை. வெப்பம் கூடக் கூட முதலில் உருகுநீர் பெருகும், பனியாறு சிறுத்த பிறகு குறையத் தொடங்கும்; கங்கையின் மேல் வடிநிலத்தில் இந்தத் திருப்பம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி நிகழும் என்று கணிப்புகள் கூறுகின்றன. ஆகவே இப்போது ஆற்றில் நீர் மிகுந்து ஓடுவது வளத்தின் அறிகுறியன்று; சேமிப்பு கரைவதன் அறிகுறி.

உலக வெப்பமாதலோடு, அருகிலிருந்து வரும் கேடும் ஒன்று உண்டு. காட்டுத்தீ, பயிர்த்தாள் எரிப்பு, டீசல், விறகடுப்பு ஆகியவற்றிலிருந்து எழும் கருங்கரி என்னும் நுண்ணிய புகைத்துகள் காற்றோடு மேலேறிப் பனியில் படிந்து அதன் வெண்மையைக் குறைக்கிறது. கங்கோத்ரிக்கும் கோமுகத்துக்கும் இடையிலுள்ள சிர்பாசாவில் வாடியா நிறுவனத்தார் 2016இல் அளந்தபோது, காற்றில் கருங்கரியின் அளவு தூய்மையான நாள்களில் இருந்ததைப் போல் கோடையில் சில நூறு மடங்கு உயர்ந்ததைக் கண்டனர். கரியமில வாயு நூற்றாண்டுகள் நிலைப்பது. கருங்கரியோ சில நாள்களில், அதிகம் போனால் சில வாரங்களில் காற்றைவிட்டு நீங்கிவிடும். காட்டுத்தீயைக் கட்டுப்படுத்தினால் அதன் பயன் அடுத்த கோடையிலேயே தெரியும் என்பதால், உள்ளூர் நிருவாகத்தின் கையில் உள்ள மிகச் சில தீர்வுகளில் இது முதன்மையானது.

பனி பின்வாங்கிய இடத்தில் எஞ்சுவது உறுதியற்ற நிலம். இதுவரை பனிக்கட்டி தாங்கி நின்ற சரிவுகளும், உறைந்த நிலையில் இறுகியிருந்த மொரைன்களும் தளர்கின்றன. பலத்த மழை பெய்தால் கல்லும் மண்ணும் கலந்து சரிகின்றன. 2013 ஜூன் 17 காலை, கனமழையாலும் உருகிய பனியாலும் நிரம்பிய சோராபாரி ஏரியின் மொரைன் கரை உடைந்து கேதார்நாத்தை அழித்தது. 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்தின் சரிவிலிருந்து ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து விழுந்து, ரிஷிகங்கை, தௌலிகங்கை ஆறுகளின் நீர்மின் திட்டங்களை அடித்துச் சென்றது; 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பனியாறு வெடித்தது என்று முதலில் செய்தி வந்த அந்த நிகழ்வில் பெயர்ந்தவற்றுள் ஐந்தில் நான்கு பங்கு பாறையே. 2017 ஜூலையில் மேருப் பமக்கிலிருந்து பெருகி வந்த சேறும் கல்லும் கோமுகத்தின் முன்னே குவிந்து பாகீரதியின் போக்கையே விலக்கின. 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி செல்லும் வழியிலுள்ள தராலியில் கீர்காட் ஓடையில் பெருகி வந்த சேற்று வெள்ளம் கடைத்தெருவையும் விடுதிகளையும் புதைத்தது. இந்நிகழ்வுகளின் காரணங்கள் ஒன்றல்ல, எல்லாவற்றையும் பனியாற்றின் தலையில் கட்டுவதும் சரியன்று. ஆனால் ஓடைகள் கொண்டுவந்து கொட்டிய பழைய வண்டல் விசிறிகளின்மீதே சந்தைகளும் விடுதிகளும் எழும்பியிருப்பது உயிரிழப்பைக் கூட்டுகிறது என்பது கண்கூடு.

பாதுகாப்புக்கான ஏற்பாடுகள் காகிதத்தில் இல்லாமல் இல்லை. கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் அடங்கும் கோமுகப் பாதையில் நாளொன்றுக்கு 150 பேருக்கு மேல் செல்ல அனுமதியில்லை. விறகுக்காக வெட்டப்பட்டு ஏறத்தாழ அழிந்த போஜ்பாசாவின் பூர்ஜ மரங்களை மீண்டும் வளர்க்க மலையேறி வீராங்கனை ஹர்ஷ்வந்தி பிஷ்ட் பல பத்தாண்டுகளாக உழைத்துள்ளார். பழஞ்சுவடிகளுக்குத் தாளாகப் பயன்பட்ட பட்டையைத் தரும் மரம் அது. லோஹாரிநாக் பாலா நீர்மின் திட்டம் 2010இல் கைவிடப்பட்டது. 2012 டிசம்பரில் மத்திய அரசு கோமுகம் முதல் உத்தரகாசி வரையிலான 100 கிலோமீட்டர் ஆற்றுப்பகுதியையும் அதைச் சூழ்ந்த 4,179 சதுர கிலோமீட்டர் நிலத்தையும் பாகீரதி சூழல் கூருணர்வு மண்டலமாக அறிவித்து, பெரிய நீர்மின் திட்டங்களையும் கட்டுப்பாடற்ற கட்டுமானத்தையும் அங்கே தடுத்தது. அந்த அறிவிக்கைக்குப் பின்னும் ஆற்றங்கரையில் விடுதிகள் பெருகின, சாலையை அகலப்படுத்தத் தேவதாரு மரங்களை வெட்டும் திட்டங்கள் எழுந்தன. பனியாற்றின் மெலிவைத் தடுக்கும் ஆற்றல் உத்தரகாசி மாவட்டத்துக்கு இல்லை. அது உலகம் முழுவதும் சேர்ந்து உமிழ்வைக் குறைத்தால் மட்டுமே கைகூடும். ஆனால் வண்டல் விசிறியில் கட்டடம் எழும்பாமல் தடுப்பதும், காட்டுத்தீயை அடக்குவதும், கோமுகத்துக்கு மேலேயுள்ள ஏரிகளையும் சரிவுகளையும் ஆண்டு முழுவதும் கண்காணிப்பதும், கங்கோத்ரியின் தடிமன் அளவீட்டை இடைவெளியின்றித் தொடர்ந்து, அதன் முடிவுகளை மக்கள் முன் வைப்பதும் மத்திய, மாநில அரசுகளின் கையிலேயே உள்ளன. 2012ஆம் ஆண்டின் அறிவிக்கை இன்றும் நடப்பில் உள்ள சட்டம். அதை எழுதப்பட்டபடியே நிறைவேற்ற வேண்டும்.